சிகாமணி யூ.பி.எஸ். வாங்கினது

“கரண்ட் போனா எவ்வளவு நேரம் நிக்கோணுங்ண்ணா? அதச் சொன்னீங்கன்னாத்தான் நானு பேட்டரி சொல்ல முடியும்” என்று கோகிலவாணி கேட்பது இது மூன்றாவது தடவை. ஈரோட்டில் மேட்டூர் ரோட்டோரம் இருக்கும் அவளுடைய பேட்டரிக் கடைக்குத் தெய்வசிகாமணி வந்து அரை மணி நேரம் ஆகிறது. ஒரு பனியன் எடுப்பதற்கே நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, ‘அந்த சைஸ் இப்பத்தான் தீந்துச்சுங்க’ என்று கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீடு சேர்கிற மனிதன் அவன். அவனிடம் போய் எவ்வளவு நேரம் என்று கேட்டால்? பத்து நிமிஷம் என்று வாய்வரை வந்தது. பத்து நிமிஷம் போதும், ஓடுகிற வேலையைச் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை முறையாக அணைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் கரண்ட் போகிற நேரத்தில் அவன் குளித்துக்கொண்டிருந்தால்? தலையில் சோப்பு நுரையோடு ஓடி வரலாம், வரலாம்தான், ஆனால் அந்த பாத்ரூம் தாழ்ப்பாள் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். வெளியே போயிருந்தால்? இப்போது இருப்பதுபோல இங்கே நின்றுகொண்டிருந்தால்? அப்படியென்றால் அரை மணி. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தால் அரை மணியில் வீடு போய்ச் சேர முடியுமா, சரி, ஒரு மணி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் பிடுங்கினார்கள் என்றால் சாயங்காலம் ஐந்துதான். எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு நிற்கிற பேட்டரியை வைக்க வீட்டில் தனியாக ஓர் அறை எடுத்துக் கட்ட வேண்டும். “ஒரு நிமிஷங்க” என்றான். மூன்று தடவையும் அதே பதில்தான். சட்டைப்பையில் செல்போன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் கூப்பிடுகிறேன் என்று, அவனுடைய ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் கோயமுத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். கடைச்சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது.

சிகாமணி கல்யாண வீடியோக்காரன். இருபது வருஷமாக மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீட்டு விருந்துவரை எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்து வயிறு வளர்க்கிறவன். போன தை மாதம்தான் புது கம்ப்யூட்டர் பூட்டினான். சாதாரணப் பெட்டி இல்லை அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் மாறி மாறி எரியும், கிராபிக்ஸ் கார்டைக் கையில் வாங்கியபோது செங்கல் கனம் கனத்தது. அவன் மனைவி பரிமளா அதைப் பார்த்துவிட்டு, ‘மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் செட்டு போட்டாப்பல இருக்குது’ என்றாள். எண்ணூற்று ஐம்பது வாட்ஸ் இழுக்கும் என்று பூட்டிக்கொடுத்த ஆள் சொல்லும்போதே, இதற்கென்று தனியாக ஒரு யூ.பி.எஸ். வாங்கிவிடுங்கள், நல்லதாக வாங்குங்கள் என்றும் சொன்னான். சரி சரி என்று இவன் தலையை ஆட்டினான். ஆட்டின தலைக்கு உள்ளே என்ன ஓடியது? வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே. கரண்ட் போனாலும் ஃபேன் சுற்றுகிறது, டி.வி. ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் என்ன சொக்கத் தங்கமா. யானையை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்தான் என்பது இதுதான். யோசித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, சித்திரை முகூர்த்தம் முடியட்டும், வைகாசி முடியட்டும், ஆவணி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஆவணி முடியவில்லை, முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது புரட்டாசிக் கடைசியில், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்து நிற்கிறான். கண் கெட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் கோயமுத்தூரில் இருக்கிறார். இன்னும் கெடவில்லை. பன்னிரண்டு மணிவரை கெடவில்லை.

“ஒரு கே.வி.ஏ. போதுமாங்க?” என்று கேட்டான், எதையாவது கேட்க வேண்டுமே என்று. “உங்க மெஷினுக்கு ஆகாதுங்ண்ணா. மானிட்டரு ரெண்டு வெச்சிருக்கறீங்க, வேலை ஓடறப்ப அது முழுசா இழுக்கும். ஒரு கே.வி.ஏ.ன்னு பேருதான், நெசத்துல எண்ணூறு வாட்ஸ் குடுத்தாப் பெருசு. ரெண்டு கே.வி.ஏ. எடுத்துக்கங்க” என்றாள் கோகிலவாணி. நாற்பது வயதிருக்கும், விரல்களில் பேட்டரி கிரீஸ் கறை, பேசிக்கொண்டே ஒரு டெஸ்டரால் காது குடைந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது, ஆனால் விஷயம் தெரிந்த பெண். பேருதான் ஒரு கே.வி.ஏ. அது சிகாமணியின் மனதில் முள்ளாக மாட்டிக்கொண்டது. பேர் இருந்தது. அன்றைக்கும் பேர் எல்லாம் இருந்தது. துளசிமணியம்மா வீட்டுக் கல்யாணம், ஆவணியில் கடைசிக்கு முந்தின முகூர்த்தம். காலையில் கல்யாணம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் வீடு வந்து கேமரா கார்டுகளை மெஷினில் போட்டான். மறுநாள் விடிகாலையில் பவானியில் இன்னொரு முகூர்த்தம், அதே கார்டுகள்தான் அங்கேயும் போக வேண்டும். அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வந்தால் வீடியோக்காரர்கள் எல்லோரும் செய்கிறதுதான். ராத்திரி ஆனால், இரண்டாவது கேமரா பிடிக்கிற மச்சான் சபரிநாதன் வந்து கார்டுகளை வாங்கிக்கொண்டு போய்விடுவான். காப்பி எடுத்து, சரிபார்த்து, பிறகு அழிக்க நேரம் எங்கே இருக்கிறது? அதனால் காப்பி இல்லை, கட். வெட்டி எடுத்து மெஷினில் ஒட்டிவிட்டால் கார்டு தானே காலியாகும். முதல் கேமரா முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. போனது என்று சொல்வதுகூட அதிகம். ட்யூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. ஃபேன் நிற்கவே இல்லை. மெஷின் மட்டும் அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. எழுந்ததும் திறந்து பார்த்தான். முதல் கேமரா இருக்கிறது. இரண்டாவது கேமரா இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பேர் இருக்கிறது, பேருக்குப் பக்கத்தில் எத்தனை ஜி.பி. என்று எடையும் இருக்கிறது. அப்பாடா என்று கார்டுகளை ஃபார்மேட் அடித்து சபரியிடம் கொடுத்தான். ஒரே ஒரு ஃபைலைச் சொடுக்கித் திறந்து பார்த்திருக்கலாம். ஒன்று. இரண்டு வினாடி. இரண்டு வினாடிக்கு எத்தனை கே.வி.ஏ. வேண்டும்?

நெஞ்சு அதிர்ந்தது. போன்தான். எடுத்துப் பார்த்தான். துளசிமணியம்மா. கோயமுத்தூர் இல்லை என்றதும் முதலில் ஒரு நிம்மதி, அந்த நிம்மதியின் மேலேயே ஒரு பயம். திரையில் அந்தப் பேர் எரிந்து எரிந்து அடங்கும்வரை கையில் வைத்துக்கொண்டே நின்றான். வெட்டினால் கோபித்துக்கொண்டதாக நினைப்பார்கள், தானாக அடங்கினால் வேலையாக இருக்கிறான் என்று நினைப்பார்கள் என்பது அவனுடைய கணக்கு. பன்னிரண்டு நாளாக அதே கணக்கு. “எடுங்ண்ணா, நானு இருக்கறன்” என்றாள் கோகிலவாணி. “இல்லீங்க, அப்பறம் பேசிக்கறேன்.” அப்புறம் என்று ஒன்று இருக்கிறதா? துளசிமணியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மேகலா, இளையவன் மாப்பிள்ளை. மேகலாவுக்கு வயது முப்பத்தொன்று, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, தம்பி கல்யாணத்துக்காக மூன்று நாள் அனுமதி வாங்கி வந்திருந்தாள். இணைச்சீர் அவள்தானே செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள், சீர்ப்பெட்டியின் மூடியான பேழைமூடியோடு அவன் பக்கத்தில் வந்து நின்று, ஒரே சேலையின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை அவன் கையிலும் இருக்க நடக்கிற சீர். பொண்டாட்டி வந்தாலும் அக்கா அக்காதான், இந்த முடிச்சு அறாது என்று ஊர் முன்னால் சொல்கிற சடங்கு. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதை வேண்டுமானால் கொஞ்சம் முன்பின்னாக எடுத்துவிடலாம், இணைச்சீரை விட்டுவிட்டு வந்த வீடியோக்காரன் அந்த ஊர்ப்பக்கம் மறுபடி போக முடியாது. புரட்டாசி நாலாம் தேதி மேகலா இறந்துபோனாள். பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் துளசிமணியம்மா கூப்பிட்டார். ‘கண்ணு, கல்யாண வீடியோவெல்லாம் நீ மெதுவாப் போடு. அந்த இணைச்சீரு மட்டும் எடுத்துக் குடுத்துரு. என்ற புள்ள நடக்கறத ஒருக்காப் பாக்கோணும்.’ இதோ இன்னைக்கே எடுத்துடறேங்கம்மா என்றான். அன்றைக்குத்தான் அந்தக் கல்யாணத்தை முதல் தடவையாகத் திறந்தான். முதல் கேமரா ஓடியது. இரண்டாவது கேமராவில் சொடுக்கினான். கறுப்பு. அடுத்தது. கறுப்பு. நாற்பத்திரண்டு ஃபைல், நாற்பத்திரண்டும் பேரும் எடையும் உள்ள கறுப்பு. கார்டிலோ பவானிக் கல்யாணம் பதிந்து பழசைத் துடைத்துவிட்டிருந்தது.

முதல் கேமராவில் மேகலா இல்லாதது எப்படி? அங்கேதான் சிகாமணியின் புத்தி பன்னிரண்டு நாளாகச் செக்கு மாடாகச் சுற்றுகிறது. முதல் கேமரா அவன் கையில் இருந்தது. இணைச்சீருக்கு முன்னால் மேடைப் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்த மேகலா அவனைக் கூப்பிட்டு, ‘ஏனுங்ண்ணா, எனக்கு க்ளோசப் மட்டும் வேண்டாங்ண்ணா’ என்று சிரித்தபடி சொன்னாள். தலையில் வைத்திருந்தது விக், புருவம் மையால் வரைந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது, அவளுக்கே தெரியாதா. சரிம்மா என்றான். சொன்னபடி செய்தான். அந்த இருபது நிமிஷமும் மாப்பிள்ளை முகத்தைவிட்டு லென்ஸை நகர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவளின் தோள்கூட ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவு நாணயம். சபரியிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டான். சபரி இரண்டாவது கேமராவில் அவளையே எடுத்துத் தள்ளியிருக்கிறான், மூஞ்சி மூஞ்சியாக எடுத்தேன் மாமா, நல்லா வந்திருக்கும் என்று அன்றைக்கே பெருமையடித்தான். ஆக, போனது அவள் வேண்டாம் என்று சொன்னது. பார்க்கப்போனால் அவள் விருப்பப்படிதான் நடந்திருக்கிறது. ‘உங்க பொண்ணே க்ளோசப் எடுக்க வேண்டான்னு சொல்லிருச்சுங்கம்மா, அதனால நான் எடுக்கல.’ எவ்வளவு சுத்தமான வாக்கியம். ஒரு சொல் பொய் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான், பைக்கில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். செத்துப்போனவள் சாட்சிக்கு வரப்போவதில்லை, வந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வாள். அதைச் சொல்லிவிட்டால் துளசிமணியம்மா அழுவார், அழுதுவிட்டு அடங்குவார், இவனைக் குற்றம் சொல்ல மாட்டார். நினைக்கும்போதே வாய் கசந்தது. அவளுடைய கூச்சத்தை எடுத்துத் தன் தப்புக்கு மூடியாகப் போடுவதா? தூ. தூ என்று துப்பினபிறகும் அந்த வாக்கியம் நாக்குக்கு அடியிலேயே கிடந்தது. கோயமுத்தூர்க்காரர் மட்டும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சுரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டால் எதையுமே சொல்ல வேண்டியதில்லை. நூறு சதவீதம் சொல்ல முடியாதுங்க, பாக்கறேன் என்றார். பாக்கறேன் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதே குரல்.

“ரோசனையே பண்ணிட்டிருந்தா எப்டிங்ண்ணா? இங்க வாங்க, ஓட்டிக் காட்டறன்” என்று கோகிலவாணி மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தாள். ஒரு யூ.பி.எஸ்ஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் நாலு குண்டு பல்பையும் மாட்டி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ஏதோ கோவில் தேர் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. “இது ஆன்லைன். கரண்ட் இருக்கறப்பவும் பேட்டரி வழியாத்தான் மெஷினுக்குப் போகும். அதனால போறதும் தெரியாது, வாரதும் தெரியாது. அந்த பிளக்கை நீங்களே புடுங்கிப் பாருங்க.” சிகாமணி குனிந்தான். வெள்ளை பிளக், வழவழவென்று. கையை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. தேர் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது, வடம் பிடித்திருந்த ஆயிரம் பேரில் யாரோ ஒரு கிழவர் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கிழவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. இந்தப் பிளக்கைப் பிடுங்கி, திரை கறுப்பாகி, அந்த ஆளைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால்? என்ன பைத்தியக்காரத்தனம் இது, கடையில் வைத்திருக்கிற வீடியோ. புடுங்குடா. உள்ளங்கை வேர்த்து பிளக் வழுக்கியது. இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரைக் கார்டில் வாங்கியிருக்கிறான், எத்தனை ஆயிரம் பேரை அழித்திருக்கிறான். விருந்தில் வாயைத் துடைத்துக்கொண்டு போனவர்கள், வாழ்த்துச் சொல்லத் தெரியாமல் முழித்தவர்கள், நீளமாகப் போகிறது என்று வெட்டியெறிந்த கிழவிகள். அதில் யார் யார் கடைசியாக நடந்த நடை எது எதுவோ. “புடுங்குங்ண்ணா, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லி, பொறுமை போய், கோகிலவாணியே காலால் சுவிட்சைத் தட்டினாள். யூ.பி.எஸ். கீக் என்றது. பல்பு சிமிட்டவில்லை. தேர் நிற்கவில்லை. கிழவர் திரும்பி நடந்துபோய்க் கூட்டத்தில் கலந்தார். சிகாமணி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நல்லவேளை, அவள் குனிந்து சுவிட்சை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுல ஓட்டீட்டிருக்கறீங்க?” என்று கேட்டாள். வீட்டு இன்வெர்ட்டரில் என்றான். “அதுல போட்டா நின்னு நின்னுதான் எந்திரிக்கும். ஏனுங்ண்ணா, அதுக்குப் பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்குமே, யூ.பி.எஸ்.னு ஒரு பக்கம், ஈகோன்னு ஒரு பக்கம். எதுல வெச்சிருந்தீங்க?” அவனுக்குத் தெரியும். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஒரு கோழித்தூக்கம் போடலாம் என்று படுத்தவனை அந்த இன்வெர்ட்டர் தூங்கவிடவில்லை. வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தது. எரிச்சலில் எழுந்துபோய்ப் பின்னால் தடவினான், நகம் படுகிற அளவில் ஒரு சுவிட்ச் தட்டுப்பட்டது, அந்தப் பக்கம் தள்ளினான். சத்தம் நின்றது. சமர்த்து என்று தன்னையே மெச்சிக்கொண்டு வந்து படுத்தான், பரிமளா எழுப்புகிறவரைக்கும் நல்ல தூக்கம். “ஈகோவுலங்க” என்றான். “அட, ஈகோவுல மெதுவாத்தானே பேட்டரிக்கு மாறும், அதைய இக்கட்டால யூ.பி.எஸ். பக்கம் தள்ளி வெச்சிருந்தாலே பாதிக்குப் பாதி தப்பிச்சிருக்குமே. வேலை பெருசா ஓடாத நேரத்துக்கு அது தாங்கியிருக்குங்ண்ணா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் ஏதோ விலைப்பட்டியலைத் தேடப் போனாள். வேலை பெருசா ஓடாத நேரம். கார்டிலிருந்து மாற்றுவது பெரிய வேலையே இல்லை, மெஷின் பாதி தூக்கத்தில் செய்கிற வேலை. தாங்கியிருக்கும். இரண்டு கே.வி.ஏ. வேண்டாம், ஒரு கே.வி.ஏ.கூட வேண்டாம், ஒரு நகம் வேண்டியிருந்தது. ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக அந்த நகத்தால் அவன் தள்ளியது துளசிமணியம்மாவின் பிள்ளையை. இல்லை, கட் போட்டது, இல்லை, திறந்து பார்க்காதது, இல்லை, சபரி அவசரப்படுத்தியது, ஆவணியில் முகூர்த்தத்தை இப்படி அடுக்கி வைத்த ஜோசியக்காரன், மின்சாரம், மழை. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு நினைப்பு திரும்பி நகத்துக்கே வந்தது. வலது கை ஆள்காட்டி விரல். அதைப் பார்த்தான். வெட்டாமல் வளர்ந்திருந்தது.

போன் அதிர்ந்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. கோயமுத்தூர். வாசல் பக்கம் போய்ப் பேசலாம் என்று தோன்றியது, நின்ற இடத்திலேயே எடுத்தான். “சொல்லுங்க சார்” என்றான். அவர் மரியாதையாகத்தான் பேசினார். எல்லா வழியிலும் பாத்துட்டேங்க, அந்த ஃபோல்டர்ல பேரு மட்டும்தான் விழுந்திருக்குது, உள்ள டேட்டா எழுதவே இல்லீங்க, எழுதாதத நாம எங்கிருந்து எடுக்கறது, டிஸ்க் நல்லாத்தான் இருக்குது, வந்து வாங்கிக்கங்க என்றார். சரிங்க, தேங்க்ஸுங்க என்று சொன்னான். போனைப் பையில் போடப் போய்ப் பை வாய் கிடைக்காமல் இரண்டு தடவை சட்டை மேலேயே குத்தினான். எழுதவே இல்லை. கரைந்து போகவில்லை, அழிந்து போகவில்லை, வந்து சேரவே இல்லை. கண் கெட்டாயிற்று. விசித்திரம் என்னவென்றால் பயம் விட்டுப்போனது. பன்னிரண்டு நாளாக வயிற்றில் குடியிருந்த சனியன் எழுந்து போன மாதிரி இருந்தது, போன இடத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “அப்ப எதைய போடட்டுங்ண்ணா?” என்று கோகிலவாணி பில் புத்தகத்தோடு வந்தாள். “ஆன்லைன். ரெண்டு கே.வி.ஏ. ரெண்டு மணி நேரம் நிக்கற மாதிரி” என்றான். பனியனுக்கு நாலு கடை ஏறுகிறவன் ஒரு மூச்சில் சொன்னான். இனி எது வாங்கினால் என்ன என்கிறபோது எவனுக்கும் முடிவெடுக்க வரும். அவள் பேரைக் கேட்டாள், சொன்னான். விலாசம் கேட்டாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி நெஞ்சு அதிர்ந்தது. துளசிமணியம்மா. அடங்கும்வரை வைத்திருக்கலாம். பன்னிரண்டு நாள் வைத்திருந்தாயிற்று, பதின்மூன்றாவது நாளும் வைக்கலாம், அந்தம்மா சலித்துப்போய் ஒருநாள் விட்டுவிடுவார். விட்டுவிடுவார் என்று நினைத்ததும்தான் விரல் பச்சைப் பொத்தானை இழுத்தது.

“கண்ணு, எடுத்துட்டயா” என்றார் துளசிமணியம்மா. “எத்தன தடவ அடிக்கறது சாமி, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயோன்னு பயந்துட்டேன். நல்லாருக்கறயா?” இவன் நல்லா இருக்கிறானா என்று அவர் கேட்கிறார். “அம்மா, அது போச்சுங்கம்மா” என்றான். எது கண்ணு என்று கேட்டார். “இணைச்சீருங்கம்மா. மேகலா இருக்கறது. கரண்ட் போயி மெஷின் நின்னு... இல்லீங்கம்மா, கரண்ட் இல்ல. நாந்தான் தொறந்து பாக்காம கார்டை அழிச்சுப்போட்டேன். நாந்தானுங்க. கோயமுத்தூருக்குக் குடுத்துப் பாத்தேன், வராதுன்னுட்டாங்க. பன்னண்டு நாளா உங்ககிட்டச் சொல்லத் தைரியம் வரல.” அந்தப் பக்கம் குக்கர் ஒன்று விசில் அடித்தது. ஒன்று, இரண்டு. யாரும் போய் இறக்கவில்லை. “ஒட்டுக்காவா கண்ணு, பூராவுமா?” என்றார். “ஒட்டுக்காங்கம்மா.” திட்டினால் நன்றாக இருக்கும், நாசமாகப் போ என்றால் போய்விடலாம். திட்டவில்லை. அழவும் இல்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போனது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல், எதைச் சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் நாக்கை மடித்து வைத்திருந்தானோ அது தானாக வெளியே விழுந்தது. “க்ளோசப் வேண்டாம்னு மேகலா சொல்லுச்சுங்கம்மா. அதனாலதான் எங் கேமராவுல எடுக்கல.” சொன்ன மாத்திரத்தில் செத்தான். கோகிலவாணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“யாரு? மேகலாவா? உங்கிட்டயா?” துளசிமணியம்மாவின் குரல் வேறாகிவிட்டது. “எப்பச் சொன்னா?” இணைச்சீருக்கு முன்னால், மேடைப் படிக்கிட்ட நின்னுட்டு என்றான். “என்னன்னு சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு.” சொன்னான். ஏனுங்ண்ணா, எனக்கு க்ளோசப் மட்டும் வேண்டாங்ண்ணா. “சிரிச்சாளா?” சிரிச்சுதுங்க. “எனக்குத் தெரியாதே இது. எங்கிட்ட அவ சொல்லவே இல்லயே” என்றார். கையில் புதிதாக எதுவோ கிடைத்தவர் மாதிரி அவசரப்பட்டார். “அப்பறம்? மேடைக்கு ஏறினா. அப்பறம்?” சிகாமணி கண்ணை மூடினான். அப்புறம் அவன் கண் லென்ஸோடு ஒட்டிக்கொண்டது, லென்ஸில் மாப்பிள்ளை. ஆனால் சொல்ல முடியும். இருபது வருஷம் வெட்டி ஒட்டினவனுக்கு ஒரு இணைச்சீரை வாயாலேயே கட்டிக் கொடுப்பது கஷ்டமே இல்லை. தம்பியைப் பார்த்தது, கண் கலங்கினது, சபையைப் பார்த்துக் கும்பிட்டது, எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், இந்தம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். அது கார்டை அழித்ததைவிடப் பெரிய பாவம் என்று பட்டது. கண்ணால் பார்த்ததை மட்டும் தேடினான். “மெதுவா ஏறுச்சுங்கம்மா. ரெண்டாவது படியில நின்னுச்சு. மூச்சு வாங்குச்சு. யாரோ கை குடுக்க வந்தாங்க, வேண்டாம்னு தலையாட்டுச்சு.” அதுவரை நிஜம். “ம்” என்றார். “பூ வெச்சிருந்தாளா? உன்ற கண்ணுல பட்டுச்சா?” மனசுக்குள் படிக்கட்டைப் பார்த்தான், பேழைமூடியைப் பார்த்தான், தலையைப் பார்க்க முயன்றான். அங்கே ஒன்றும் இல்லை. “தெரியலீங்கம்மா” என்றான். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. “வெச்சிருந்தா” என்றார் துளசிமணியம்மா. “அந்த விக்குல பூ நிக்கவே மாட்டேனுச்சு. ஏழு பின்னு குத்தி நாந்தான் வெச்சுவுட்டேன். வலிக்குதா கண்ணுன்னேன், அது என்ன நெச முடியாம்மா வலிக்கறதுக்குன்னா.” அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ரெண்டாவது படியில நின்னா. செரி. அப்பறம் நீ சொல்லு” என்றார்.